பதினைந்து கிராம்

ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தானாம். அவனுக்கு ஒரே ஒரு மகளாம். அந்த மகள் சனிக்கிழமை காலையில பத்து மணிக்குத் தோன்றுவாளாம், பன்னிரண்டு மணி ஆனால் மறைஞ்சு போயிருவாளாம். அவளைப் பார்க்க ஏழு மலையும் தாண்ட வேண்டாமாம், ஏழு கடலும் தாண்ட வேண்டாமாம். ஒரு பெஞ்சில உட்கார்ந்து பேசாமல் காத்திருந்தால் போதுமாம்.

என் மகளுக்கு நான் இப்படித்தாங்ணா கதை ஆரம்பிப்பேன். "ம்" சொல்லுங்க. கதை கேட்கிறவங்க "ம்" சொல்லணும், எங்க வீட்டில அது சட்டம். "ம்" நின்னுபோச்சுன்னா பிள்ளை தூங்கிட்டாள்னு அர்த்தம். கதையை அங்கேயே விட்டுட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திட்டு எழுந்துரலாம்.

அந்த அப்பா நான்தான். பெஞ்சு இதுதான்.

நீங்க முதல் தடவையா வர்றீங்க, இல்லைங்களா? அந்தக் கரடிப் பொம்மையைப் பிடிச்சிருக்கிற தினுசிலேயே தெரியுது. பழகினவங்க யாரும் பொம்மையை வெளியே தெரியுற மாதிரி வெச்சுக்க மாட்டாங்க. பிள்ளை வரலைன்னா அதைத் திரும்பத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறணும், எல்லாரும் பார்ப்பாங்க. பையில போட்டுருங்க. அந்தச் சிப்ஸ் பாக்கெட்டையும் போட்டுருங்க. இல்லைங்ணா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான்தான் சொல்றேன். அதுல காத்துப் பாதி, உப்புப் பாதி.

பையனா? எத்தனை வயசு? அஞ்சா? நல்ல வயசு. என் மகளுக்கு ஏழு, ரெண்டாம் வகுப்பு. தினைமொழின்னு பேரு. நான் வெச்ச பேரு. அதோ, அந்த நீலக் கதவு தெரியுதுங்களா? அதுதான் குழந்தைங்க அறை. கோர்ட்டு உத்தரவு வாங்கின அப்பா அம்மாவெல்லாம் பிள்ளைகளை அங்கேதான் பார்க்கணும். சுவத்துல ஒரு யானை வரைஞ்சிருக்குது. இந்தக் கட்டடம் முழுக்கத் தேடினாலும் சிரிச்ச முகம்னு அந்த யானை ஒண்ணுதான். ஜெரினா மேடம்னு ஒருத்தங்க இருக்காங்க, பிள்ளைங்ககூடப் பேசி ஜட்ஜ் அம்மாவுக்கு அறிக்கை எழுதுறவங்க. உங்க பேரை அவங்கதான் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் உட்கார்ந்திருங்க. மணி பத்தேகால்தான் ஆகுது. என் மகள் அவ அம்மாகூடக் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வரணும், பஸ் லேட்டாயிருக்கும்.

ஒண்ணு எடுத்துக்குங்க. தினை உருண்டை. வெல்லம் கிடையாது, நெய் கிடையாது. திண்டல் பக்கம் கடை வெச்சிருக்கேன், செக்கு எண்ணெயும் சிறுதானியமும். மில்லு வேலையை விட்டுட்டு ஆரம்பிச்சது. எடுத்துக்குங்கண்ணா, தயங்காதீங்க. பதினைஞ்சு கிராம்தான். அளந்து உருட்டினது.

இந்த உருண்டையாலதான் எல்லாப் பேச்சும் வந்தது. நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு இருக்குதுன்னு.

அரையாண்டு லீவு விடறதுக்கு முந்தின சனிக்கிழமை. ஜெரினா மேடம் ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. வருஷா வருஷம் லீவுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்குப் பார்ட்டி வெப்பாங்க. கேக்கு, மிக்சர், ஒரு டம்ளர் கலர் சோடா. இந்தத் தடவை அதெல்லாம் வேண்டாம், பிள்ளைங்களும் அவங்களைப் பார்க்க வர்ற அப்பா அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து, சத்தான தின்பண்டமா அவங்க கையாலேயே செய்யட்டும்னு சொன்னாங்க. அடுப்பு கூடாது, கத்தி கூடாது. வறுத்தது, துருவினது எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவரலாம். இங்கே பிசையணும், உருட்டணும், அடுக்கணும். செஞ்சதை உட்கார்ந்து சாப்பிடணும். அவ்வளவுதான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. பரீட்சையில நாம படிச்சதே கேள்வியா வந்த மாதிரி.

அதுக்குக் காரணமும் இருந்ததுங்க. அப்போ என் மனு ஒண்ணு இருந்தது. பெரிசா எதுவும் கேட்கலை. பொங்கலுக்கு இரண்டு ராத்திரி. போகி அன்னிக்குச் சாயங்காலம் கூட்டிட்டுப் போய், மாட்டுப் பொங்கல் காலையில கொண்டுவந்து விட்டுடறேன். அவ்வளவுதான் கேட்டது. இரண்டு வருஷமா என் கதை ஒண்ணுகூடத் தூக்கத்துல முடியலைங்ணா. பன்னிரண்டு மணி ஆகும், கதை பாதியில நிற்கும், அவளோட அம்மா வந்து கையைப் பிடிப்பாங்க. ஜட்ஜ் அம்மா என்ன சொன்னாங்கன்னா, பிள்ளை அப்பாகிட்ட எப்படி இருக்குதுன்னு ஜெரினா மேடம் பார்த்து எழுதட்டும், அப்புறம் நானும் பிள்ளைகிட்டக் கேட்கிறேன்னாங்க. மேடம் உட்கார்ந்து பார்க்கப் போறது எந்த நாள்? இந்தப் பார்ட்டி நாள். புரியுதுங்களா?

இன்னும் வாயில போடலையா? மெதுவாச் சாப்பிடுங்க. மென்னுதான் சாப்பிடணும்.

ஒரு வாரம் வேலை செஞ்சேன். தினையை மூணு தடவை களைஞ்சு, நிழலில உலர்த்தி, வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, நானே மாவாத் திரிச்சேன். கடலைக்காயை வறுத்துத் தோல் ஊதி எடுத்தேன். கருப்பு எள்ளு. கொட்டை எடுத்த பேரீச்சம்பழம். நாட்டுச் சக்கரை ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிருந்தேன், கிளம்பறப்போ யோசிச்சு அதை வீட்டிலேயே விட்டுட்டேன். பேரீச்சம்பழமே இனிப்புத்தானே? அப்புறம் தராசு. கடையில மருந்துப் பொருள் நிறுக்கிற சின்னத் தராசு, ஒரு கிராம்கூடத் துல்லியமாக் காட்டும்.

நான் போறதுக்கு முன்னாடியே பக்கத்து மேசையில வையாபுரி அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தார். சங்ககிரிக்காரர், லாரி ஓட்டுறவர். இரட்டைப் பையன்கள் அவருக்கு. அவர் கொண்டுவந்திருந்தது என்ன தெரியுங்களா? தட்டுவடை செட்டு! ஒரு தட்டுவடையை வெச்சு, மேல சட்னி தடவி, துருவின கேரட்டும் பீட்ரூட்டும் அள்ளி வெச்சு, இன்னொரு தட்டுவடையால மூடறது. ரோட்டோரத்துல விக்கிறாங்களே, அதேதான். எண்ணெயில பொரிச்ச சாமானுக்கு நடுவுல கேரட்டைத் திணிச்சுட்டா சத்தாயிருமா? மேடம் ஒரு வார்த்தை சொல்லலை. "காய் நிறையப் போட்டிருக்கீங்க, நல்லா இருக்கு"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

அவர் என் தராசைப் பார்த்துட்டு, "என்ன மாப்ளே, உருண்டை பிடிக்க வந்தீங்களா, நகைக்கடை வெக்க வந்தீங்களா?"ன்னார். மேசையில இருந்த பிள்ளைங்கெல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எனக்குக் கோபமே வராதுங்க. கேட்டுப் பாருங்க யாரை வேண்டுமானாலும். நான் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. சாரு, என் சம்சாரம், அவங்களே கோர்ட்டுல போட்ட மனுவில அதை எழுதலை. எழுத முடியாது. கை ஓங்கினதில்லை, குடிச்சதில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்லை. "உணவைப் பூட்டி வைத்து மன உளைச்சல் கொடுத்தார்"னு எழுதியிருக்காங்க. பூட்டெல்லாம் இல்லைங்ணா. காலையில நான் கடைக்குக் கிளம்பறப்போ அன்னிக்கு வேண்டியதை அளந்து மேடை மேல வெச்சுட்டு, மிச்சத்தை என் ஸ்கூட்டர் பெட்டியில வெச்சுக்கிட்டுப் போவேன். அதுக்குப் பேரு பூட்டறதா?

ஒரு தடவை பாப்பாவோட பிறந்தநாளுக்கு அவங்க அம்மா வீட்டிலிருந்து கேக்கு அனுப்பினாங்க. மேலே ரோஜாப்பூ மாதிரி சிவப்பா, பச்சையா என்னென்னமோ. நான் சண்டை போடலை. எடுத்துட்டுப் போய்த் தென்னை மரத்தடியில குழி தோண்டிப் புதைச்சுட்டு வந்தேன். மாட்டுக்குக்கூட வைக்கலை. மாடு பாவம். அன்னிக்குச் சாயங்காலம் பாப்பா அந்தத் தென்னை மரத்துக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டிருந்தா. செடி கொடின்னா அவளுக்கு அவ்வளவு பிரியம்.

நான் எங்கே விட்டேன்? ஆமா, பார்ட்டி.

சாரு பாப்பாவைக் கொண்டுவந்து விட்டாங்க. புது கவுனு, மஞ்சள் கலரு, இரண்டு பக்கமும் பெரிய பெரிய பை வெச்சது. எல்லாப் பிள்ளைங்களும் பேரை எழுதிச் சட்டையில ஒட்டிக்கணும்னு மேடம் ஸ்டிக்கர் கொடுத்திருந்தாங்க. பாப்பா "மித்து"ன்னு எழுதி ஒட்டியிருந்தா. அவங்க அம்மா வீட்டில கூப்பிடற பேரு. நான் அதைக் கிழிக்கலைங்க. இன்னொரு ஸ்டிக்கர் வாங்கித் "தினைமொழி"ன்னு அழகா எழுதி, அது மேலேயே ஒட்டினேன். "இப்ப சரியா சாமி?"ன்னேன். "ம்"னா.

உட்கார்ந்தோம். நான் மாவைக் கொட்டினேன், அவ பேரீச்சம்பழத்தைப் பிசைஞ்சா. நல்லாப் பிசைஞ்சா. அந்தச் சின்னக் கையில அவ்வளவு பதம். முதல் உருண்டை பிடிச்சுத் தராசில வெச்சா, இருபத்தொண்ணு. "கொஞ்சம் எடு சாமி"ன்னேன். எடுத்தா, பன்னிரண்டு. "கொஞ்சம் வை." வெச்சா, பதினாறு. "இன்னும் ஒரே ஒரு சிட்டிகை." பதினைஞ்சு வந்ததும் நான் கை தட்டினேன். அவ என்னைப் பார்த்தா, தராசைப் பார்த்தா, பக்கத்து மேசையைப் பார்த்தா. அங்கே வையாபுரி அண்ணன் மூஞ்சி முழுக்கச் சட்னி. பையன்கள் பூசி விட்டிருக்காங்க. "டேய், எங்கப்பன் வெச்ச மூஞ்சிடா இது, பார்த்துப் பூசுங்கடா"ன்னு கத்திக்கிட்டிருக்கார். கேரட்டெல்லாம் கீழே. ஒரே இரைச்சல். எங்க மேசை எப்படி இருந்தது தெரியுங்களா? கோயில் மாதிரி இருந்தது. இருபத்தெட்டு உருண்டை, வரிசையா, ஒண்ணு மாதிரி ஒண்ணு.

நடுவுல ஒண்ணு மட்டும் அவ முயல் மாதிரி செஞ்சா. இரண்டு காது, எள்ளுல கண்ணு. நல்லாத்தான் இருந்தது. தராசில வெச்சுப் பார்த்தேன், நாற்பத்தொண்ணு. ஒரு பிள்ளை நாற்பத்தொரு கிராமை ஒரே தடவையா எப்படிச் சாப்பிடும்? பிரிச்சு இரண்டு உருண்டை ஆக்கினேன், பதினோரு கிராம் மிச்சம். நாலு கிராம் மாவு சேர்த்து மூணாவதும் ஆச்சு. ஒரு பொட்டு வீணாகலை. "முயல் உருண்டைக்குள்ளே போய் ஒளிஞ்சுக்கிச்சு சாமி"ன்னேன். "ம்"னா. கதை கேட்கிற மாதிரியே.

அவ பொறந்தப்போ நீங்க பார்த்திருக்கணும். ஒரு கிலோ எழுநூறு. மாசத்துக்கு முன்னாடியே வந்துட்டா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருபத்தொரு நாளு. சாருவால எழுந்து நடக்க முடியாது. நான்தான் தினமும் காலையில கண்ணாடிக்கு வெளியே நிப்பேன். நர்ஸம்மா அவளைத் தூக்கித் தராசில வெப்பாங்க. அந்தக் காலு என் சுண்டு விரல் தண்டிதான் இருக்கும். ஒரு நாளைக்குப் பதினைஞ்சு கிராம் ஏறினாலும் போதும், பிழைச்சுக்கும்னு சொன்னாங்க. ஒரு நாள் பதினெட்டு ஏறும். ஒரு நாள் ஏறாது. ஒரு நாள் இறங்கும். இறங்கின அன்னிக்கு நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருவேன். பத்தொன்பதாம் நாளு, சரியாப் பதினைஞ்சு. நர்ஸம்மா விரலைக் காட்டினாங்க கண்ணாடி வழியா. விரலில பதினைஞ்சை எப்படிக் காட்டறது? இரண்டு கையையும் விரிச்சு, அப்புறம் ஒரு கை. நான் அப்படியே...

சரி விடுங்க. அது வேற கதை. பஸ் வர்ற நேரந்தான். அதோ மஞ்சளா... இல்லை, அது வேற பிள்ளை.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? எல்லாத்தையும் உருட்டி முடிச்சோம். கை கழுவிட்டு வரேன்னு போனா. வந்து உட்கார்ந்தா. பார்த்தா உதடெல்லாம் சிவப்பு. நான் கர்ச்சீப்பை எடுத்து மெதுவாத் துடைச்சேன். மெதுவாத்தான் கேட்டேன், "என்ன சாமி இது?"

"பீட்ரூட்."

"யார் குடுத்தா?"

"அந்த மாமா குடுத்தாங்க. பீட்ரூட் நல்லதுதானேப்பா? நீங்கதானே சொன்னீங்க?"

எவ்வளவு ஞாபகம் பாருங்க! நான் சொன்னதை மறக்கவே மாட்டா. "பீட்ரூட் நல்லதுதான் கண்ணு. அதுக்கு மேலேயும் கீழேயும் இருந்ததே, அது?"ன்னேன். அவ உதட்டை உள்ளே இழுத்துக்கிட்டா. "எத்தனை?"ன்னேன். விரலை மடக்கிக்கிட்டா. மேடம் அந்தப் பக்கமா வந்து நின்னாங்க. "தாமோதரன், இன்னிக்கு ஒரு நாளுதானே, பிள்ளை விளையாடட்டும்"னாங்க. நான் சரின்னுட்டேன். வாக்குவாதம் பண்றவன் இல்லை நான்.

அப்புறம் சாப்பிடற நேரம். பிள்ளைக்கு அஞ்சு உருண்டை கணக்கு. அவ தட்டுல அஞ்சு வெச்சுட்டு, மத்தப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கப் போனேன். ஆளுக்கு ஒரு கடி கடிச்சாங்க. ஒரு பையன் கடிச்ச பாதியைத் தட்டோரமா வெச்சுட்டான். இன்னொரு பாப்பா, "மாமா, இது மருந்தா?"ன்னு கேட்டா. பழக்கம் இல்லை, அதுதான். திரும்பி வந்து பார்க்கிறேன், என் மகளோட தட்டு காலி. அஞ்சும் காலி! நான் மேடத்தைக் கூப்பிட்டேன். தட்டைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க மேடம். இதுக்குத்தான் சின்ன வயசிலிருந்து பழக்கணும்னு சொல்றது." மேடம் தட்டைப் பார்க்கலை. பாப்பாவைப் பார்த்தாங்க. பாப்பா தரையைப் பார்த்துக்கிட்டிருந்தா.

"வயிறு நிறைஞ்சதா சாமி?"

"ம்."

"பொங்கலுக்கு அப்பா வீட்டில தினமும் செய்யலாமா?"

"ம்."

மேடம் கேட்டாங்கதானே? காதால கேட்டாங்கதானே?

அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம். இரண்டு ராத்திரி கிடைச்ச மாதிரியே. என்ன கதை சொல்றதுன்னுகூட யோசிச்சுட்டேன்.

பன்னிரண்டு ஆச்சு. சாரு வந்தாங்க. பாப்பா ஓடிப்போய் அவங்க இடுப்பைக் கட்டிக்கிட்டா. அவங்க குனிஞ்சு தூக்கினாங்க. அவ்வளவுதான். கவுனுப் பையிலிருந்து ஒண்ணு விழுந்தது. அப்புறம் இன்னொண்ணு. தரை வழவழன்னு இருக்கும் உள்ளே, உருண்டுக்கிட்டே போச்சு. அஞ்சு. எண்ணினேன். ஒண்ணு வையாபுரி அண்ணன் செருப்புகிட்டப் போய் நின்னது.

பாப்பா என்னையே பார்க்கிறா. "நான் சாப்பிட்டுட்டேன்ப்பா"ங்கிறா. "சாப்பிட்டுட்டேன்ப்பா. நெசமா சாப்பிட்டுட்டேன்ப்பா." உருண்டை அஞ்சும் தரையில கிடக்குது, அவ அதையே சொல்லிக்கிட்டிருக்கா.

நான் திட்டலை. இதை நீங்க கவனிக்கணும். ஒரு வார்த்தை திட்டலை. குனிஞ்சு அஞ்சையும் பொறுக்கினேன். ஊதினேன். "பரவாயில்லை சாமி, மண்ணு படலை"ன்னேன். ஒண்ணை எடுத்து அவ வாய்கிட்டக் கொண்டுபோனேன். "அப்பாவுக்காக ஒண்ணே ஒண்ணு." சாரு, "வேண்டாம், விட்டுருங்க"ன்னாங்க. மேடம், "தாமோதரன், போதும்"னாங்க. நான் மெதுவாத்தான் சொன்னேன். "ஒண்ணே ஒண்ணு கண்ணு. பதினைஞ்சே கிராம்."

வாயைத் திறந்தா. மென்னா. என் கண்ணையே பார்த்துக்கிட்டு மென்னா. முழுங்கினா. "பார்த்தீங்களா?"ன்னு நான் திரும்பி எல்லாரையும் பார்க்கிறேன், அதுக்குள்ளே சாரு தோளு மேலேயே வாந்தி. செக்கச்செவேல்னு. எல்லாரும் பதறிட்டாங்க. நான்தான் தைரியம் சொன்னேன், பயப்படாதீங்க, பீட்ரூட்தான்னு.

பக்கெட்டில தண்ணி கொண்டுவந்து தரையைத் துடைச்சது வையாபுரி அண்ணன். மூஞ்சியில சட்னியோடவே துடைச்சார். அதுவரைக்கும் மாப்ளே மாப்ளேன்னு கூப்பிட்டவரு, அப்புறம் என்கூட ஒரு வார்த்தை பேசலை. அந்தத் தட்டுவடையால வந்த வாந்திதானே அது? அந்தக் குற்ற உணர்ச்சியா இருக்கும்.

மேடம் அறிக்கை எழுதினாங்க. வக்கீல் படிச்சுக் காட்டினார். "குழந்தை உணவைத் தன் உடையில் ஒளித்து வைத்திருந்தது"ன்னு. ஒளிச்சு வெச்சாளாம்! பிள்ளை அப்பா செஞ்சதை வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சுச் சாப்பிடலாம்னு பத்திரப்படுத்தியிருக்காள்னு எழுத ஒரு வரி இடம் இல்லையா அந்தக் காகிதத்துல? அஞ்சில ஒண்ணுகூட நசுங்கலைங்ணா. அவ்வளவு பத்திரமா வெச்சிருந்தா. வேண்டாத சாமானா இருந்தா குப்பைக்கூடையில போட்டிருப்பாளே? கூடை அவ காலடியிலேயேதான் இருந்தது.

போன வாரம் திங்கக்கிழமை ஜட்ஜ் அம்மா பாப்பாவைத் தனியா உள்ளே கூப்பிட்டுக் கேட்டாங்க. "அப்பா வீட்டுக்குப் பொங்கலுக்குப் போறியா?" "ம்." "அம்மாகூடவே இருக்கிறியா?" "ம்." எது கேட்டாலும் "ம்"தானாம். கடைசியா, "நீ எதாவது கேட்கணுமா?"ன்னாங்களாம். பாப்பா கேட்டாளாம், "அங்கே தராசு இருக்குமா?"

வக்கீல் இதைச் சொல்றப்போ என் முகத்தைப் பார்க்கலை. ஜட்ஜ் அம்மா இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம்னு எழுதிட்டாங்க. இரண்டு ராத்திரியும் போச்சு. வையாபுரி அண்ணனுக்கு மூணு நாளு கொடுத்திருக்காங்க, தெரியுங்களா? தட்டுவடைக்காரருக்கு மூணு நாளு.

ஆனா ஒண்ணு. என் வீட்டைப் பத்தி என் மகள் கேட்ட ஒரே கேள்வி என்ன? தராசு. அம்மாவைப் பத்திக் கேட்கலை, பொம்மையைப் பத்திக் கேட்கலை. அவளுக்கு அது மேல அவ்வளவு ஆசை. அதுதான்... இந்தப் பொட்டலத்தை ஏன் மடியிலேயே வெச்சிருக்கேன்னு பார்த்தீங்கல்ல? ரோஸ் கலர்ல ஒரு தராசு. அவளுக்கே அவளுக்குன்னு. கோயம்புத்தூர் போய்த் தேடி வாங்கினது. மேலே ஒரு பூனை ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கேன். "தராசு அங்கே மட்டும் இல்லை சாமி, நீ இருக்கிற இடத்திலேயே இருக்கும்"னு சொல்லிக் கொடுக்கலாம்னு.

போன சனிக்கிழமையே கொடுத்திருப்பேன். வரலை. வயித்து வலின்னு போன் வந்தது.

அதோ மேடம். எழுந்திருங்க, உங்களைத்தான் கூப்பிடுவாங்க... இல்லை, என்னைப் பார்க்கிறாங்க. மேடம்! வணக்கம் மேடம். பஸ் லேட்டுங்களா? ... சரிங்க மேடம். ... சரிங்க. ... ஆகட்டுங்க மேடம்.

ஒண்ணுமில்லைங்ணா. இன்னிக்கும் வயித்து வலியாம்.

பாருங்க. இதைத்தான் நான் தலைபாடா அடிச்சுக்கிட்டுச் சொல்றேன். அங்கே என்னத்தைச் சாப்பிடக் கொடுக்கிறாங்களோ. சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பிள்ளைக்கு வயிறு வலிக்குதுன்னா, வெள்ளிக்கிழமை ராத்திரி அவளுக்கு என்ன கொடுக்கிறாங்கன்னு யாராவது கேட்க வேண்டாமா? நான் இருந்தா அளந்து கொடுப்பேன். அளவா இருந்தா வலிக்காது. அளவா இருந்தா எதுவும் ஆகாது. அப்பிடித்தானே அவ பிழைச்சா?

ஏனுங்ணா, "ம்" சொல்லாம உட்கார்ந்திருக்கீங்க?

உங்க பேருதானே அது? கூப்பிட்டுட்டாங்க, போங்க, போங்க. உங்க பையன்தான் அந்தச் செவப்புச் சட்டையா? உங்க சாடைதான். பொம்மையை இப்போ வெளியே எடுங்க. சிப்ஸு வேண்டாம்... சரி, அது உங்க இஷ்டம். மணி பத்து ஐம்பது, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேலே இருக்குது. மணியையெல்லாம் பார்த்துக்கிட்டிருக்காதீங்க, போங்க.

உருண்டையைச் சாப்பிடவே இல்லையா? சட்டைப் பையில போட்டுக்கிட்டீங்களா?

பரவாயில்லை. அப்புறமாச் சாப்பிட்டுக்குவீங்க. என் மகளும் இப்படித்தாங்ணா, பத்திரமா வெச்சுக்குவா.

பையனைத் தூக்கறப்போ மட்டும் பார்த்துக்குங்க. குனிஞ்சா விழுந்துரும்.